மகாராஜனின் இடது கை

என் தம்பி மகாராஜன் நூற்று முப்பத்தைந்து கிலோவைத் தலைக்குமேல் தூக்கினான். அசையாமல் நின்றான். நடுவர் சொன்ன பிறகுதான் கீழே போட்டான். கடையில் டிவி முன்னால் இருந்த நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் திரையில் மூன்று விளக்குகள் எரிந்தன. இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை.

"தம்பி, செவப்புன்னா என்ன?" என்று வன்னியபெருமாள் அண்ணாச்சி கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் மளிகைக்கடைக்காரன். ஆனால் கேட்டவர் என் தம்பிக்குப் பெண் கொடுக்கப்போகிறவர். போட்டியைச் சேர்ந்து பார்க்கலாம் என்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அவரிடம் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "செவப்பு நல்லதுதான் அண்ணாச்சி" என்று அடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, தூக்குனது செல்லாதுன்னு அர்த்தம்" என்றான் டிக்சன். துறைமுகச் சாலை ஜிம்மில் என் தம்பிக்கு முதன்முதலில் பளுத்தூக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவனுக்கும் முகம் சரியில்லை. "நல்லாத்தான தூக்குனான். ஏன் செல்லாதுங்கான்?"

அதுதானே! தலைக்குமேல் போனது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியாதா? எத்தனையோ நாட்டுக்காரர்கள் கூடி நடத்தும் விளையாட்டு விழா. அங்கேயும் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் எப்படி?

மூன்று வாய்ப்பு உண்டு என்று டிக்சன் விளக்கினான். மூன்றில் ஒன்றாவது செல்லவேண்டும். மூன்றும் போய்விட்டால், அடுத்த சுற்றில் மலையையே தூக்கினாலும் பதக்கம் கிடையாது. ஐந்து வருஷம் வீட்டை விட்டுப் பயிற்சி முகாமில் கிடந்ததெல்லாம் அதோடு சரி.

இரண்டாவது முறையும் அதே எடை. தூக்கினான், நின்றான், போட்டான். இந்தத் தடவை மூன்றும் சிவப்பு. டிக்சன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். தூக்கியதைத் திரும்பவும் மெதுவாகக் காட்டினார்கள்.

"ஐயோ, முழங்கை!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "கையை முழுசா நீட்டலைங்காங்க. அவன் நடுவர்கிட்ட கையைக் காட்டலையா? போட்டிக்கு முன்னால எப்பவும் காட்டிருவானே…"

நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஏன் அண்ணாச்சி மிதிக்கிய?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான் அந்தப் புத்திசாலி.

"என்ன கை?" என்றார் வன்னியபெருமாள் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இவன் ஏதோ உளறுதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் மகாராஜன் லாரியிலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தது. கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். அன்று முதல் அந்தக் கை முழுசாக நீளாது. பலம் இருக்கிறது, நேர்தான் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று முழுக்கைச் சட்டை போடவைத்தே கூட்டிப்போனேன். கல்யாணம் முடியும்வரை குறையைச் சபையில் காட்டாமல் இருப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். நான் மட்டும் என்ன அதிசயமாகச் செய்துவிட்டேன்?

போன வாரம் மகாராஜனிடம் போனிலும் அதைத்தான் சொன்னேன். "ஏலே, நேரடியா டிவியில காட்டுதாங்க. பொண்ணு வீட்ல பாப்பாங்க. வழக்கம்போல அந்தக் கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்காத."

"அதக் காட்டணும்ண்ணே."

"ஒருநாள் காட்டாட்டா குடியா முழுகிரும்?"

"சரிண்ணே" என்றான். அப்பா போன பிறகு நான் சொன்ன எதையும் அவன் தட்டியதில்லை. மாவட்டப் போட்டிகளில் அவன் நடுவர்களிடம் கையைக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ இரக்கம் கேட்கிறான் என்று நினைத்தேன். கை நீளாதவன் முன்கூட்டியே காட்டவேண்டும் என்பது விதி என்று எனக்கு எப்படித் தெரியும்?

டிக்சன் என் காதருகே வந்து, "அண்ணாச்சி, நீங்க ஏதும் சொன்னியளா?" என்று கேட்டான்.

"நான் என்னத்தச் சொல்லப்போறேன்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது முறை மகாராஜன் மேடைக்கு வந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கம்பியிடம் போகவில்லை. நடுவர்களைப் பார்த்து இடது கையை நீட்டினான். வலது கையால் அந்த முழங்கையை அழுத்தி, இதற்குமேல் போகாது என்று காட்டினான். கேமரா அந்தக் கோணல் கையை டிவி நிறையக் காட்டியது. நான் வன்னியபெருமாள் அண்ணாச்சி பக்கம் திரும்பவே இல்லை.

தூக்கினான். மூன்று வெள்ளை!

டிக்சன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த நிமிஷம் சம்பந்தமாவது ஒன்றாவது என்று நானும் குதித்தேன். ஆனால் மகாராஜன் மேடையை விட்டு இறங்கவில்லை. ஓரத்து மேஜையில் நடுவர்களுக்கும் மேலான ஐந்து பேர் தலையைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். ஒருவர் நடுவரைக் கூப்பிட்டார். அப்புறம் வெள்ளை போய்ச் சிவப்பு வந்தது.

"இப்ப எதுக்குலே செவப்பு? அதான் காட்டிட்டானே!"

"போட்டி தொடங்கறதுக்கு முன்னாலயே காட்டணும் அண்ணாச்சி. பாதியில காட்டுனா ஒத்துக்கலபோல" என்றான் டிக்சன். உறுதியாகச் சொல்ல அவனாலும் முடியவில்லை.

வன்னியபெருமாள் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அந்தக் கைக்கு என்ன? எம்மக இசக்கிசெல்வி முத நாளே கண்டுக்கிட்டாளே. காப்பி வாங்கும்போதே கை மடங்கித்தான் வந்துச்சாம். இந்தக் கையை வச்சுக்கிட்டு இம்புட்டு தூக்குதாருன்னா எனக்கு அவரே போதும்ப்பான்னு சொன்னா. நீங்களா சொல்லுவியன்னு நாங்களும் கேக்காம இருந்துட்டோம்."

எனக்கு அவர் சொல்வது புரிய நேரமாயிற்று. தெரியுமா? அப்படியானால் நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன்? அதற்காக யாருடைய பதக்கத்தைக் கொடுத்தேன்? கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் போன் அடித்தது. மகாராஜன்தான். அழுதிருந்தான் என்பது குரலில் தெரிந்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க. கடைசியில மனசு கேக்காம கையைக் காட்டிட்டேன். மாமா பாத்துட்டாங்களா? என்னால சம்பந்தம் நின்னுருமோ?"

பதக்கத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏலே" என்றேன்.

"அண்ணே, லைன்ல இருக்கியளா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.