மூடியைத் திறக்கும் கை

அந்தக் கம்பெனியில் யாரும் யாரிடமும் வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தன் சொந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டு, மனிதக் கை படாமல் கணினியை விட்டே வாங்கி விற்கிற கம்பெனி. எதை எப்போது வாங்கும் என்ற சூட்சுமம் வெளியே கசிந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதனால் நிரல் எழுதுகிறவர்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். நிரல் எல்லை மீறினால் நிறுத்துகிறவர்கள் இந்தப் பக்கம். சுவரில் கதவே வைக்கவில்லை.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பிரேக்கக்கா என்றார்கள். அவள் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் நிரல் அந்த இடத்திலேயே நிற்கும். தவறிக் கை பட்டுவிடாமலிருக்க அதன்மேல் ஒரு மூடி. எந்த நிரல் எவ்வளவு பணம்வரை போகலாம் என்ற வரம்பை அவள்தான் போடுவாள். அது அவளுக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியே காலம் தள்ளியவர். மகள் பார்ப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். நாற்காலி மட்டும் மெத்தென்று இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. ஆனாலும் சாப்பிடும்போதுகூட ஆபீஸ் பேச்சு கிடையாது. அவன் வளர்த்த நிரலுக்கு ஊமை என்று பேர். போடுகிற எண்களைத் தின்று தானாகவே கற்றுக்கொள்கிற ரகம். ஏன் வாங்கியது, ஏன் விற்றது என்று கேட்டால் அதற்கும் சொல்லத் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஊமைதான் வினையை இழுத்தது. ஆரம்பத்தில் வரம்பைத் தாண்டி, அவள் பொத்தானை அமுக்க நன்றாக அடி வாங்கிய நிரல்தான். இப்போதெல்லாம் வரம்புக்கு ஒரு மயிரிழை இருக்கும்போதே நின்று, வந்த வழியே திரும்பியது. அவள் சத்தமில்லாமல் வரம்பைக் குறைத்தாள். புது வரம்புக்கு மயிரிழை முன்னால் நின்றது. ஏற்றிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. பழக்கமில்லாத இருட்டறையில் ஒருவன் சுவரைத் தொடாமலே சரியாக அதன் முன்னால் நின்று திரும்பினால் எப்படியிருக்கும்? ஊமை இறக்கிய பணத்தைக் காட்டும் கோடு திரையில் அப்படித் திரும்பும்போதெல்லாம் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

முதலாளி உள்ளே கூப்பிட்டார்.

"வரம்பு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நான் உளறலை. அப்போ?"

"வீட்டுல நான் வாயே தெறக்கறதில்ல சார். தம்பி உப்பு கேட்டாக்கூட ரகசியமா இருக்குமோன்னு யோசிச்சுத்தான் குடுக்கறேன்."

"நக்கலெல்லாம் அப்புறம் வெச்சுக்க. எப்படித் தெரியுதுன்னு நாளைக்குள்ள காட்டு. இல்லேன்னா அவனைத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிருவேன். அப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தன் வாசல்லயும் அவன் நிக்க முடியாது."

இடத்துக்கு வந்தாள். திரையைப் பார்க்காமல் முதல்முறையாகத் தன்னைத்தானே பார்த்தாள். ஊமை வரம்பை நெருங்கியது. அவள் கை தன்பாட்டுக்குப் போய் மூடியைத் தூக்கியது. கோடு திரும்பியது.

கோடு எங்கோ பாதாளத்தில் கிடக்கும்போது சும்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஊமை சுருங்கியது. மூடினாள். ஓட்டிலிருந்து நத்தை வருவது போல மெல்ல வெளியே வந்தது.

கட்டடத்துக்குக் கம்பி இழுத்த வயர்காரரைப் பிடித்தாள்.

"மூடி தெறந்தா ஒரு தகவல் போகும்மா" என்றார் அவர். "யாரு எப்பத் தெறந்தாங்கன்னு பின்னாடி பாக்கறதுக்கு. மெஷின் ரூமுக்குத்தான் போகுது. அங்கிருந்து எல்லா நிரலுக்கும் பாயுது."

"என்ன பேர்ல?"

"இங்க எதுக்கும்மா பேரு வெச்சாங்க? எல்லாம் நம்பர்தான். ரகசியமாச்சே!"

குட்டு உடைந்தது. எந்த எண் என்ன என்று தம்பி கேட்கக் கூடாது. கேட்டாலும் யாரும் சொல்லக் கூடாது. விலையோடு விலையாக அக்காவின் கையையும் தெரியாமலே பிசைந்து ஊமைக்கு ஊட்டியிருக்கிறான். மூடி திறந்தால் அடுத்து அடி விழும் என்று அது கற்றுக்கொண்டது.

முதலாளியைப் பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திறந்து காட்டினாள். "அந்தக் கம்பியைப் பிடுங்குய்யா" என்றார் வயர்காரரிடம்.

மறுநாள் காலை, பிடுங்கிய கம்பி மேசைமேல் சுருண்டு கிடந்தது. அவளும் முதலாளியும் திரையைப் பார்த்து நின்றார்கள். கோடு ஏறியது. அவள் மூடியைத் தூக்கினாள். இப்போது அது யாருக்கும் எதையும் சொல்ல முடியாத வெறும் பிளாஸ்டிக். கோடு மயிரிழையில் நின்றது. திரும்பியது.

"அப்போ கம்பி இல்ல" என்றார் முதலாளி. கை போனுக்குப் போனது. "உன் தம்பியோட வாய்தான்."

"இருங்க சார்! வரம்பு அப்படியே இருக்கட்டும். நான் மட்டும் தெருவுக்குப் போறேன், நீங்க இங்க உக்காருங்க. வாய் வழியா போயிருந்தா, நான் இல்லேன்னாலும் அது நிக்கணும்ல?"

அவர் யோசித்துத் தலையை ஆட்டினார்.

எதிர்ச் சாரியில் லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் பூசிய முகங்கள். டீக்கடையில் வாங்கிய கிளாஸ் அவள் கையில் ஆறி ஏடு கட்டியது. போன் அடித்தது.

"தாண்டிருச்சும்மா." முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "வரம்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத மாதிரி பிச்சுக்கிட்டுப் போச்சு. நானே அமுக்கிட்டேன்."

"அப்ப என் தம்பி?"

"அவன் மேல தப்பில்ல. நீ மேல வா."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவள் தெருவைத் தாண்டினாள்.

மேலே முதலாளியும் வயர்காரரும் திரையை விட்டுத் தள்ளி நின்றிருந்தார்கள். ஊமையை மறுபடி ஓட விட்டிருந்தார்கள்.

"நீ லிஃப்ட்ல ஏறுனதுமே சுருங்கிருச்சு" என்றார் முதலாளி தாழ்ந்த குரலில்.

"எதை வெச்சுண்ணே தெரியுது அதுக்கு?" என்று வயர்காரரிடம் கேட்டாள்.

"வாசல்ல அட்டை தேய்க்கறது, லிஃப்ட், கேமரா, உன் நாற்காலி... எது எங்க போய்ச் சேருதுன்னு முழுசாத் தெரிஞ்ச ஆளு இங்க கெடையாதும்மா. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது."

"எதையும் பிடுங்க வேணாம்" என்றார் முதலாளி. "உனக்குப் பயந்து ஒழுங்கா நடக்குதில்ல? நடக்கட்டும். இது இனிமே கம்பெனி ரகசியம். தம்பிகிட்டகூட மூச்சு விடக் கூடாது. ஆனா நீ லீவு மட்டும் போட்டுராத."

"நான் என்ன சார், சோளக்கொல்லை பொம்மையா?"

முதலாளி வயர்காரரைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

அவர்கள் போன பிறகு அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றிருந்தான். தன்னை அனுப்பப் போகிறார்கள் என்று எப்படியோ காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் பேயறைந்தது போலிருந்தது. 'என்னக்கா ஆச்சு?' என்று வாயை அசைத்தான். ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார் என்று சொல்ல அவள் கையைத் தூக்கினாள்.

ஓரக்கண்ணில் கோடு சரிந்தது.

கை அந்தரத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு விலகுகிற மாதிரி மெல்ல மெல்ல இறக்கினாள். கை இறங்கிய அதே வேகத்தில் கோடு மேலே ஏறியது. கண்ணாடிக்கு அப்பால் தம்பி இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.