தட்டினால் திரும்புகிறாளே

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கீழே அவருடைய தச்சுப் பட்டறை, மேலே எங்கள் குடித்தனம். நாள் முழுக்க அறுக்கிற சத்தத்தையும் இழைக்கிற சத்தத்தையும் வாங்கிக்கொண்டு, ஒன்றேகால் வயசுப் பிள்ளையின் பின்னால் ஓடிப் பார்க்கட்டும். அப்புறம் பொறுமையைப் பற்றிப் பேசலாம்.

மகளைப் பூசணி என்றுதான் கூப்பிடுவோம். நடையெல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வரவில்லை. முன்பு ஏதோ மழலையாகக் கத்திக்கொண்டிருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. தடுப்பூசி போட்ட நர்ஸ், "இந்த வயசுல கூப்பிட்டா திரும்பணுமே, காதை ஒரு தடவை காட்டிடுங்க" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

நாத்தனார் சிரித்தாள். "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம். உன் புருஷன் மூணு வயசுலதான் வாயத் தெறந்தான்."

அதற்கப்புறம் அவர் மூடவே இல்லை என்பதை அவளிடம் யார் சொல்வது?

அவர் பெரிய விஞ்ஞானி மாதிரி சோதனையே செய்து காட்டுவார். பூசணி விளையாடும்போது பின்னால் போய், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் பலகைத் தரையில் 'டொக்'கென்று ஒரு தட்டு. அவள் உடனே திரும்புவாள்.

"பாத்தியா? காது பாம்புக் காது. உனக்குத்தான் வேற வேலை இல்ல."

மேசை நாற்காலி வாங்க வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டி வந்து இதைக் காட்டினார். எனக்கோ தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்றிருக்கும். ஆனாலும் அவள் ஒவ்வொரு தடவையும் திரும்பத்தான் செய்தாள்.

கடைசியில் ஒரு நாள் பட்டறைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் சாவி."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பையில் கொட்டாப்புளி வேறு.

காது பார்க்கிற டாக்டரம்மா பூசணியை மர பெஞ்சில் உட்கார வைத்து, பின்னால் நின்று மணி அடித்தார். அவள் திரும்பவில்லை. இவருக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினார். திரும்பிச் சிரித்தாள்.

"கேக்குதே டாக்டர்."

"குழந்தைய அம்மா மடியில குடுங்க," என்று நாற்காலியில் இருந்த என்னைக் காட்டினார் டாக்டரம்மா. "இப்ப தட்டுங்க."

தட்டினார். பூசணி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓங்கித் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பொத்தானை விடவில்லை.

"சத்தம் கேக்கல சார். பலகை அதிர்றதுக்குத்தான் திரும்பறா. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. முழுசா டெஸ்ட் எடுத்துட்டு காதுக்கு மிஷின் வெப்போம். பேச வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

அவர் கொட்டாப்புளியைப் பைக்குள் வைத்தார். அப்புறம் கேட்டார்: "தினமும் இவள நெஞ்சு மேல போட்டுக்கிட்டுப் பாடுவேன். அப்படியே தூங்கிடுவா. அது?"

"நெஞ்சு அதிர்றது சுகமா இருந்திருக்கும்."

"ஒரு பாட்டுகூடவா கேக்கல?" என்றார் அவர். டாக்டரம்மா டெஸ்டுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லிக் காட்ட எத்தனை மாதமாகக் காத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன்தான் நான் சொன்னது சரியாகிப் போனதோ என்றிருந்தது.

"டெஸ்ட் எப்ப எடுக்கலாம்?" என்று நான்தான் கேட்டேன்.