ஏழாவது மாடிச் செருப்பு

ஆயர் ஈத்தாமில் அந்த ஃபிளாட்டில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தால் போதும். அப்படிப் பார்ப்பதில் ஐந்தாவது மாடி ரூபினியை மிஞ்ச ஆள் கிடையாது. வாரமெல்லாம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர்ச் சில்லுகளில் கீறல் தேடுகிறவள். சனிக்கிழமை லீவு என்றால் அது கைக்குத்தான், கண்ணுக்கு இல்லை.

அந்தச் சனிக்கிழமைகளில் அவளுக்கு ஒரு துணையும் இருந்தது. எதிர்வீட்டு சுலைஹா. புருஷன் முகம்மது கனிக்கு டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை. சனிக்கிழமை பிள்ளைகளும் கடையில்தான். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் சுலைஹா கோப்பி ஃபிளாஸ்க்கோடு வருவாள். ரூபினி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை லிஃப்ட் பக்கம் இழுத்துப் போடுவாள். ஏறுகிறவர், இறங்குகிறவர், இறங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர், எல்லாருக்கும் அங்கே விசாரணை உண்டு. இருட்டும் நேரத்தில் மக்ரிப் பாங்கு கேட்டால்தான் கோர்ட்டு கலையும்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் சுலைஹா வரவில்லை. "கொஞ்சம் வேலை இருக்கு ரூபி" என்றாள். மறுவாரமும் வேலை. என்ன வேலை என்று சொல்லாத வேலையை ரூபினி இதுவரை கேள்விப்பட்டதில்லை. எட்டிப் பார்த்தால் இரும்புக் கதவில் வெளியே பூட்டு. செருப்பும் இல்லை.

ரூபினி தேடிப் போனாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மாடி ஏறி இறங்குவது முழங்காலுக்கு நல்லதாம், அதற்காகப் போனாளாம். போன இடத்தில், ஏழாவது மாடியில் காமினி வீட்டு வாசலில் கிடந்தது அந்தப் பச்சை வார் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது. சந்தேகமே இல்லை.

காமினி இந்த ஃபிளாட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அரசாங்க ஆபீஸ் வேலை, வெள்ளை நிற மைவி கார், தலைக்கு ஷாம்பு விளம்பரத்தில் வருவது போல ஒரு வெட்டு. ரூபினி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பியும் அங்கேதான் இறங்குகிறதா? ரூபினி சுலைஹாவிடம் மட்டும் சொன்ன சங்கதிகளும் சேர்ந்து இறங்குகின்றனவா?

லிஃப்ட் பக்கம் ஒற்றை நாற்காலியில் அவளைப் பார்த்துவிட்டுப் பழனியப்பன் நின்றார். நாலாவது மாடிக்காரர். ஐந்தாவது மாடியில் அவருக்கு ஒரு ஜோலியும் கிடையாது, ஆனால் தினமும் வருவார்.

"எங்க உன் ஜோடியக் காணோம்?"

"அவளுக்கு இப்ப பெரிய இடத்து சகவாசம் அண்ணே. கெரேத்தா வச்சிருக்கிறவங்க வீட்டுலதான் உட்காருவா."

"அப்ப நீயும் ஒரு காரு வாங்கு லா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். செய்தி நாலு மாடிக்குப் போய்ச் சேர அது போதும்.

அடுத்த சனிக்கிழமை ரூபினி பொறுக்கவில்லை. ஃபேக்டரியில் ஓவர்டைம் கூப்பிட்டதையும் வேண்டாம் என்றாள். லீவு நாளில் இன்னது செய்யப்போகிறேன் என்று அவள் முன்கூட்டியே முடிவெடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாசாரில் சுலைஹாவுக்குப் பிடித்த அப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு ஏழாவது மாடிக்கு ஏறினாள். இருவரும் சேர்ந்து இளிக்கும்போது கையும் களவுமாகப் பிடித்து, "சாப்பிடுங்க" என்று நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதாகத் திட்டம்.

செருப்பு கிடந்தது. தட்டினாள். கூப்பிட்டாள். அப்புறம்தான் கதவில் தொங்கிய பூட்டு கண்ணில் பட்டது. காமினிக்குப் போன் போட்டாள்.

"நான் கெப்பாலா பத்தாஸ்ல இருக்கேன் அக்கா. சனிக்கிழமைன்னா அம்மா வீட்டுலதான்."

"அப்ப சுலைஹா?"

"அவங்க செருப்பு மட்டும்தான் அக்கா நம்ம வீட்டுக்கு வரும். மத்தத அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."

எட்டிப் பார்த்தால் கீழே மைவி நிற்கும் இடம் காலி. செருப்பை மட்டும் பார்த்த கண் இத்தனை வாரமும் அதைப் பார்க்கவில்லை. செருப்பு இங்கே என்றால் ஆள் வெறுங்காலோடு வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒரு கையில் அப்பம் பாலிக், இன்னொரு கையில் செருப்பு. ரூபினி இறங்கி வந்து சுலைஹாவின் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் வாயை வைத்தாள்.

"சுலைஹா, உன் செருப்பு வந்திருக்கு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மரக்கதவு திறந்தது. இரும்புக் கதவின் கம்பி வழியாகக் உள்ளே இருந்தே கையை விட்டு வெளிப்பக்கமாகப் பூட்டியிருக்கிறாள்.

"யாரு இருக்கா உள்ள?"

"யாரும் இல்ல. நான்தான்."

கம்பி வழியே பார்த்தாள். சாப்பாட்டு மேசை முழுக்கத் துண்டு துண்டாக ஒரு படம். துண்டுகளைப் பொருத்திச் சேர்ப்பார்களே, அந்தப் புதிர். கீழே ஏரி பாதி வந்திருந்தது. மேலே வானம் இன்னும் வரவில்லை. எல்லாத் துண்டும் ஒரே நீலம்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான். போன வருஷத்து சனிக்கிழமையெல்லாம் எங்க போச்சுன்னு ஒரு நாள் யோசிச்சுப் பார்த்தேன் ரூபி. ஒண்ணும் ஞாபகம் வரல. லிஃப்ட் கதவுதான் வருது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"செருப்பு மேல கெடந்தாத்தான் நான் வீட்டுல இல்லன்னு நம்புவ. சொன்னா விட்டிருப்பியா? அஞ்சு நிமிஷம்னு சொல்லி வந்து உட்கார்ந்திருப்ப."

உட்கார்ந்திருப்பாள்தான். காமினியாக இருந்திருந்தால்கூடத் தேவலாம், நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். யாருமே இல்லாத ஒரு வீட்டைத் தன்னைவிடப் பெரிதாக நினைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுக்குப் பதிலாக வேறொன்றுதான் வாயில் வந்தது.

"அந்தக் கோணல் துண்டு, இடது மூலையில..."

"சொல்லாத" என்றாள் சுலைஹா. "நானே கண்டுபிடிக்கணும்." பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டி அப்பம் பாலிக்கை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு வா. அஸருக்கு அப்புறம். நாற்காலிய நான் போடுறேன். உன்னைக் கூப்பிடணும்னு நெனச்சுக் கூப்பிடுறேன், தெரியுதா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ரூபினி, ஏதோ நேரமே இல்லாதவள் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அஸர் பாங்கு முடிவதற்குள் போய் நின்றது வேறு விஷயம்.

அதற்கடுத்த சனிக்கிழமை காமினியின் பூட்டிய வாசலில், பச்சை வார் செருப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வார் செருப்பும் கிடந்தது. ரூபினி இரண்டு மாடி வெறுங்காலோடு இறங்கி வந்து, தன் வீட்டுக்குள் போய், கம்பி வழியாகக் கையை விட்டுப் பூட்டி, போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை. ஃபேனைப் பார்த்தாள். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்த காலை மறுபடி உட்கார வைத்தாள். எதிர்வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நீல மூலை முடிந்திருக்குமோ? அவளுக்கு மட்டும் எப்படித்தான் பொழுது போகிறதோ.

வெளியே யாரிடமோ பேசும் பழனியப்பன் குரல்.

"ரெண்டு பேரும் இப்ப காமினி வீட்டுலதான் கெடக்கிறாளுங்க. செருப்பப் பார்த்தேன். அப்படி என்னதான் குடுக்கிறாளோ அங்க. நம்மள ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளா?"

அந்தக் குரலில் இருந்த எரிச்சல் ரூபினிக்கு நன்றாகவே தெரிந்த எரிச்சல். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாளை சுலைஹாவிடம் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. அதுவரை இதை வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் இன்றைய வேலை.