அக்காவுக்கு ஏறிய போதை

பல்லுக்காரன் குடித்தால் போதை அவனுடைய அக்காவுக்குத்தான் ஏறியது. இது நடந்த காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் ஒருவரும் இதை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அடுத்த வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பதில்தான் தெருவுக்கு அக்கறை, யாருக்கு ஏறுகிறது என்பதில் அல்ல. அவன் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தான். மாவுக்கட்டுச் சாந்தில் எடுத்த அச்சின்மேல் ரோஸ் நிற மெழுகை உருக்கி ஊற்றி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு நகத்தால் கோடு போடுகிற வேலை. பற்கள் போன பிறகும் அந்த ஊரில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவன் கைவண்ணத்தில்தான் சிரித்தார்கள். அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். ஏணியில் ஏறிப்போய், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டில் தனியாக உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளின் முதுகில் பூப்போல வைப்பாள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளும்படி யாரும் அவள் கையைப் பிடித்துக் கேட்கவில்லை. தரையில் கிடந்த சட்டையை எடுத்து மடிப்பதைப் போல, அந்தப் பொறுப்பையும் அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

முதன்முதலாக அது நடந்தது ஒரு மத்தியானம். தம்பிக்குப் பட்டறையில் வேலை நிரந்தரமான நாள். கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றிக் கொடுத்தார்கள். கூண்டில் இருந்த அக்காவுக்குக் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாக்கு தடித்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. தூக்கிய பெட்டியை எப்படியோ கீழே இறக்கிவிட்டு, ஏணியைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். வாயிலில் இருந்த காவலாளிக்கு மூக்கு கூர்மை. அவர் ஊதும் கருவியை நீட்டினார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"நான் குடிக்கல. வாழ்க்கையில தொட்டதே இல்ல" என்றாள்.

"நீ சொல்றத நம்பணும்னுதான் எனக்கும் ஆசைம்மா. ஆனா மெஷினுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது" என்றார் காவலாளி. அன்று அவளை எச்சரித்து அனுப்பினார்கள்.

அதன்பிறகு அது அடிக்கடி நடந்தது. வாயில் வரும் ருசியை வைத்து அவன் குடிப்பது மட்டமானதா உயர்ந்ததா என்று சொல்லும் அளவுக்கு அவள் தேறினாள். அவன் குடிக்கப் போன நாட்களும் தனக்கு ஏறிய நாட்களும் ஒன்றாக இருந்ததில் விஷயம் பிடிபட்டதும் அவனை உட்கார வைத்துச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. "குடிக்கிறது நான், உளர்றது நீயாக்கா?" என்றான். சரி, என் கண் முன்னால் ஒரு கிளாஸ் குடி என்றாள். குடித்தான். அவன் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவள் கண்கள் கலங்கிச் சிவந்தன. இன்னொன்று குடித்ததும் சின்ன வயதில் அவனைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டை அடித்தொண்டையில் பாடினாள். மூன்றாவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாந்தி எடுத்தாள். அவன் கால் தள்ளாடவில்லை. பேச்சு குழறவில்லை. அவன் வாயிலிருந்து துவைத்த துணியின் வாசனை வந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், இனித் தொடமாட்டேன் என்றான். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான். அடுத்த வாரமே பட்டறையின் பின்பக்கம் நின்று குடித்தான். ஆனால் ஒளிந்து குடிப்பதென்பது அந்தக் குடும்பத்தில் முடியாத காரியம்.

போதை ஏறாத ஒருவன் எதற்குக் குடிக்கிறான் என்று அவள் ஒருமுறை கேட்டாள். "தொண்டையில இறங்குறப்போ ஒரு சூடு வரும்க்கா. அப்போ யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும். உடனே எழுந்து போயிடுவாங்க" என்றான். அவர்களைத் திரும்பக் கூப்பிடத்தான் அடுத்த கிளாஸ். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதே அவளுக்குப் பெரிய தொந்தரவாகவும் இருந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு அவனை முழுமனதோடு திட்ட முடியவில்லை.

வருடங்கள் போயின. வாயிலில் விளக்கு சிவப்பாக எரிந்தபடியே இருந்தது, அவளைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கிரேன் மெக்கானிக் ஒருவன் இருந்தான்; மூன்று முறை அவள் வாயருகே அந்த வாசனையைப் பிடித்த பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வாங்கிப் போனான். அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் மாடிப்படியில் எதிரே வரும் பெண்கள் முந்தானையை இழுத்து மூக்கை மூடினார்கள். தம்பியைப் பார்த்தால் உச்சுக் கொட்டினார்கள். தங்கமான பிள்ளை, வேறு ஒருவனாக இருந்தால் அந்தக் குடிகாரியை எப்போதோ துரத்தியிருப்பான், இவன் வைத்துக் காப்பாற்றுகிறான் என்று அவன் காதுபடவே சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்து படியேறி வந்தான். இல்லை என்று ஒருமுறைகூட அவன் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினால் அவனுடைய வேலை போய்விடும். இதில் எது மோசம் என்று அவளுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. வீட்டில் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இடையில் இருந்த தட்டுகளைத் தாண்டி ஒரு பேச்சும் போகவில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நோயாளிகளின் போர்வைகளைத் துவைத்து, ஈரத்தோடு சூடான உருளைகளுக்கு இடையில் விட்டால், மறுபக்கம் அவை மொறமொறவென்று மடிப்பில்லாமல் வரும். எப்போதும் ஆவி சூழ்ந்த இடம், அதனால் அவளிடமிருந்து வந்த வாசனை யாருக்கும் தெரியவில்லை. ஆவிக்குள் இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுமில்லை. ஒரு நாள் தம்பி காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். போர்வை உருளைக்குள் போனபோது அவள் பிடியை விட மறந்தாள். இடது கையும் கூடவே உள்ளே போயிற்று.

தம்பி ஓடி வந்தான். வெந்த கைக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆள். குடித்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் போகலாமா என்று அக்காவைத் திட்டிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பி, "நீங்கதான் பொறுமையா இருந்து அவங்களை மீட்கணும்" என்றார். அப்போதுதான் அவன் முதன்முறையாக வாயைத் திறந்தான்.

"குடிச்சது நான் டாக்டர். அவங்க இல்ல."

டாக்டரம்மா அவன் கண்ணைப் பார்த்தார். பால்போல் வெள்ளையாக இருந்தது. கையை நீட்டச் சொன்னார்; ஒரு விரல்கூட நடுங்கவில்லை. "அக்கா மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுக்காதீங்க. அது அவங்களுக்கு நல்லதில்ல" என்றார். மறுவாரம் அக்காவைக் குடி மறக்கடிக்கும் இல்லத்தில் சேர்த்தார்கள். தம்பி உடன் தங்குபவனாகச் சேர்ந்தான்.

அங்கே அவன் குடியை நிறுத்தினான், உடம்பு முறுக்கிக்கொண்டது அவளுக்கு. பல் கிட்டிப்போயிற்று. சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லி விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தாள். தன்னுடைய உடம்பில் நடந்திருக்க வேண்டிய அத்தனையும் இன்னொரு உடம்பில் நடப்பதை அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தான். வேர்வையைத் துடைத்தான், வாயில் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினான், இல்லாத எறும்புகளைத் தானும் சேர்ந்து நசுக்கினான். காலை நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தபோது அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி எழுந்து நின்று தன் கதையைச் சொன்னான். பட்டறையின் பின்பக்கம், தொண்டைச் சூடு, மாடிப்படியில் கேட்ட பாராட்டு எல்லாவற்றையும் சொன்னான். அக்காவின் மனதை உள்ளபடி எடுத்துச் சொன்ன தம்பி என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

ஒருநாள் சோப்பு வாங்க வெளியே போனவன் குடித்துவிட்டான். திரும்பி வந்தபோது நர்சுகள் அவள் மெத்தையைக் கிழித்துப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்கள் மின்ன, தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யார் கொண்டுவந்து கொடுத்தது, சொல்லாவிட்டால் இன்றே வெளியே அனுப்பிவிடுவோம் என்றார்கள். அவள் வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சொல்லவில்லை. அவன் முன்னால் வந்து, நான்தான் என்றான். கொண்டுவந்து கொடுத்தவன் என்று எழுதிக்கொண்டு அவனைக் கண்டபடி பேசினார்கள். தான் செய்ததற்காக வெளியார் ஒருவர் தன்னைத் திட்டுவதை அவன் வாழ்வில் முதல் தடவையாகக் கேட்டான். தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டான்.

அவளுக்குத் தெளிந்த பிறகு, "இனிமே உனக்காக நிறுத்திடுறேன்க்கா" என்றான்.

"எனக்காக வேணாம்" என்றாள் அவள். "எனக்காக நிறுத்தினா, என் மேல கோபம் வர்ற அன்னிக்குத் திரும்பக் குடிப்ப."

"அப்போ யாருக்காக?"

"எனக்கென்ன தெரியும். தெரிஞ்சா நீதான் சொல்லணும்."

அதற்குப் பிறகும் அவன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். அவள் தெருவில் சாய்ந்து கிடந்தாள், கூட்டிவந்தார்கள், மறுபடி கிடந்தாள். பிறகு ஒரு நாள் அவன் விழாமல் நின்றான், குடி அப்படியே நின்றுவிட்டது. எந்த நாள் என்று இருவருக்கும் தெரியாது. மழை விட்டதை வெகுநேரம் கழித்துக் கவனிப்பதைப் போலத்தான் அது இருந்தது. வேறு ஊரில் ஒரு பல் பட்டறையில் வேலை கிடைத்து அவன் போனான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்கா அந்தப் பழைய வீட்டின் இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். கை ஆறியிருந்தது; திருந்திவிட்டாள் என்று துறைமுகத்தில் அவளை மறுபடி கிரேனில் ஏற்றினார்கள். வாயிலில் அதே காவலாளி, தலை நரைத்துப் போயிருந்தார். அவள் ஊதினாள். விளக்கு பச்சையாக எரிந்தது.

"திருந்திட்டியேம்மா. எவ்வளவு பேரால முடியும் இது" என்று அவர் கண்கலங்கினார்.

"நன்றிங்க" என்றாள் அவள். தொடாததை விட்டதற்காக அன்று இன்னும் பலர் அவளைப் பாராட்டினார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

ஆனால் தாகம் அவளிடம் தங்கிவிட்டது. வாயில் வைத்தறியாத அந்தப் பொருளுக்காகச் சாயங்காலமானால் அவள் நாக்கு உலரும், கால்கள் தாமாகவே கடைத்தெருப் பக்கம் திரும்பும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். தண்ணீர் குடிப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், மறுபடி உட்காருவாள். அது வந்து ஆட்டிவிட்டுப் போகும். தம்பி போனில் பேசும்போது, "எனக்கு ஆசையே வர்றதில்லக்கா, ஆச்சரியமா இருக்கு" என்பான். "நல்லது" என்பாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காக அவள் எத்தனையோ சாயங்காலங்களைத் தனியாகக் கடந்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. உண்மையில் அந்தத் தாகம் வருவது அவளுக்கு ஒருவகையில் பழகியிருந்தது. அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

ஒரு சாயங்காலம் அது வரவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். வாய் வெறும் வாயாக இருந்தது. அவன் செத்துப்போய்விட்டானோ என்ற பயத்தில் அவனுக்குப் போன் போட்டாள். அவனே எடுத்தான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, எனக்கு என்னமோ பண்ணுது. நாக்கெல்லாம் காயுது. தெருமுனைல கடை திறந்திருக்கு. இங்கேருந்தே தெரியுது. முன்னால ஒருநாளும் இப்படி இருந்ததில்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குச் சேர வேண்டியது அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. "பயப்படாத" என்றாள். "முதல்ல கதவைச் சாத்து. உக்காரு. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்க."

"வச்சிட்டேன்."

"இப்போ ஜாஸ்தியாகும். தொண்டையில வந்து நிக்கும். உடனே போகாது, ஆனா போயிடும். தண்ணி குடி. தண்ணின்னா வெறும் தண்ணி."

அந்த நிலையிலும் அவன் லேசாகச் சிரித்தான். பிறகு கேட்டான்: "உனக்கெப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"தண்ணி குடிச்சியா?" என்றாள் அவள். மறுமுனையில் அவன் தண்ணீரை விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இத்தனை வருஷமாவா?" என்றான்.

"சாத்தியிருக்கியா கதவை?" என்றாள் அவள்.

சாத்தியிருந்தான். மூச்சு சீராகும்வரை இருவரும் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவன் மனைவி வந்து யார் என்று கேட்டாள். அக்கா என்றான். குழந்தை எதற்கோ அழுதது. எனக்கு இப்போ உடம்பு சரியில்ல, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு என்று மனைவியிடம் அவன் சொன்னது இவளுக்குக் கேட்டது. மனைவி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தமும் கேட்டது. "வச்சிடட்டுமாக்கா?" என்றான். "வை" என்றாள்.

அதன்பிறகு அவனுடையது அவனிடமே இருந்தது. போதையோ நடுக்கமோ தாகமோ எதுவும் அவளைத் தேடி வரவில்லை. மறுநாள் அவளுக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து, என்ன சாப்பிடலாம் என்று யோசித்தபடி சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று அழுகை வந்தது. பழக்கத்தில், இது யாருடையது என்று ஒரு கணம் நிதானித்தாள். வேறு யாருடையதும் இல்லை, அவளுடையதுதான். அங்கேயே தரையில் உட்கார்ந்து, வந்த அழுகையை முழுதும் அழுது முடித்தாள். முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். துறைமுகத்தில் அன்று பெரிய கப்பல் ஒன்று வந்திருந்தது. இறக்க வேண்டிய பெட்டிகள் நிறைய இருந்தன.