கீழே இருந்து பார்க்கும் வேலை

"நாப்பத்தொண்ணு" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான் ஏணி. மொட்டை மாடியிலிருந்து "ம்" என்று மட்டும் பதில் வந்தது. தலையை உள்ளே இழுத்து டிவியைப் பார்ப்பதற்குள் சிக்னல் கோட்டின் எண் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழாகியிருந்தது. மறுபடி தலையை நீட்டினான். டிஷ் மாட்டும் வேலையில் பாதி இந்தக் கத்தல்தான். மேலே இருப்பவருக்கு டிவி தெரியாது, கீழே இருப்பவருக்கு டிஷ் தெரியாது.

பன்னிரண்டு வருடமாக மேலே இருந்தவன் அவன். ஆள் நல்ல உயரம், எந்தச் சுவரிலும் பல்லி மாதிரி தொற்றிக்கொள்வான் என்பதால் கடையில் ஏணி என்று பெயர் வைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் மழையில் நனைந்திருந்த தகரக் கூரையிலிருந்து வழுக்கி விழுந்தான். இடது கணுக்காலில் இப்போது ஒரு கம்பி இருக்கிறது. நடக்கலாம், படி ஏறலாம், கூரை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கூரை போனாலும் பெயர் போகவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் அவனுடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவிருந்தால்தானே.

அவன் படுத்துக் கிடந்த நாட்களில் மனைவி கருவிப் பையை எடுத்து, ஒவ்வொரு ஸ்பானரையும் துடைத்தபடி இது எதற்கு, அது எதற்கு என்று கேட்க ஆரம்பித்தாள். பொழுதுபோகாமல் கேட்கிறாள் என்று நினைத்து அவனும் பொழுதுபோகாமல் சொன்னான். டிவி நிலையம் நிகழ்ச்சியை மேலே அனுப்புகிறது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் அதை வாங்கிக் கீழே திருப்பி விடுகிறது. பூமி சுற்றுகிற கணக்கிலேயே அதுவும் சுற்றுவதால், நமக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் ஆணியடித்து மாட்டியது போல இருக்கும். டிஷ் அந்த இடத்தைப் பார்த்தால் போதும். வருவதையெல்லாம் குவித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தன் மூக்குக்குக் கொடுக்கும், மூக்கிலிருந்து வயர் வழியாக செட்டாப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து டிவிக்கு. "அவ்வளவு தூரம் வர்றது, நடுவுல ஒரு மரக்கிளை இருந்தா நின்னுடுமா?" என்று கேட்டாள். நின்றுவிடும் என்றான். "ரொம்ப ரோஷக்காரிதான்" என்றாள்.

இப்போது மூன்று வாரமாக வேலையில் அவள் மேலே, இவன் கீழே. கைபேசி வைத்துக்கொள்ளலாம்தான். முதல் வாரமே அது அவள் சட்டைப் பையிலிருந்து விழுந்து நொறுங்கியதிலிருந்து குரல்தான் வழி. அவள் நன்றாகத்தான் செய்தாள். அதில் எள்ளளவும் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே நிற்பது இப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலே ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் வழுக்குகிறாளோ என்று தோன்றியது. கேட்காவிட்டால் அதைவிட மோசம். நேற்று ராத்திரி பாயில் புரண்டு புரண்டு படுத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இந்த வீட்டோடு போதும். கடைக்காரரிடம் கவுண்டரில் உட்காரும் வேலை கேட்டுவிடலாம். அதை அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. காலையிலிருந்து அது நாக்கு நுனியிலேயே நின்றது.

"தம்பி, நாலு மணிக்குள்ள வந்துடும்ல?" என்று தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார் வீட்டுக்கார அக்கா. தையல் மெஷினும் டிவியும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தன. சீரியலைத் தான் பார்ப்பதேயில்லை, காதால் கேட்டுக்கொண்டே தைப்பதாக அவர் வந்ததும் சொல்லியிருந்தார். "இன்னிக்குத்தான் அக்காவும் தங்கச்சியும் சந்திக்கிறாங்க. ஏழு மாசமா இழுத்துட்டான்."

"வந்துடும்கா."

கோடு அறுபத்திரண்டுக்கு வந்து நின்றது. அங்கேயே பிடிவாதமாக நின்றது. அறுபத்திரண்டில் படம் வரும், மழை தூறினால் போகும். மற்ற நாளாக இருந்தால் ஏணி விட்டிருக்க மாட்டான். இன்று அவள் இறங்கினால் போதும் என்றிருந்தது. "போதும், டைட் பண்ணிடு" என்று கத்தினான்.

"இருங்க" என்றாள் மேலேயிருந்து.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். கோடு ஒருமுறை நடுங்கியது. பிறகு ஒரேயடியாகச் சரிந்து பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

காத்திருந்தான். பூஜ்யம். ஜன்னலில் கத்தினான். மோட்டார் சத்தம் அவன் குரலை விழுங்கியது. மறுபடி கத்தினான், இந்தமுறை எண்ணைச் சொல்லவில்லை, அவளைக் கூப்பிட்டான். தையல் மெஷின் நின்றது. "மேல உங்க வீட்டம்மாவா?" என்று அக்கா கேட்டபோது அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

முப்பத்துநாலு படி. கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கம்பிக் காலை இழுத்து ஏறினான். நடுவில் ஒரு படியில் கால் மடங்கி முழங்கால் இடித்தது. அந்த வலி எங்கேயோ யாருக்கோ இருப்பது போலிருந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். டிஷ்ஷுக்கு நேர் முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை வானத்தை நோக்கிச் சாய்வாக நீட்டி, கைநேருக்கு ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணி, மாடிக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"காலை வச்சுக்கிட்டு எதுக்கு ஏறி வந்தீங்க?"

"பூஜ்யம் ஆயிடுச்சு."

"முன்னாடி நின்னா ஆகாதா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே." எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். "அதோட ஓரம் இடிக்குது. டிஷ் நேரா பாக்கற மாதிரி நிக்குது, ஆனா பாக்கறது மேல இல்ல? அந்தச் சாய்வுல கைய வச்சுப் பாத்தேன். ரெண்டடி இந்தப் பக்கம் நகத்தினா சரியாப்போகும்."

சரிதான். கீழேயிருந்து அவனால் கண்டுபிடித்திருக்க முடியாதது. பாராட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

"நாளைலருந்து வேணாம். என்னால முடியல."

"எது முடியல?"

"கீழ நிக்க."

அவள் நீட்டிய கையை இறக்கினாள். கோபம் வரும் என்று நினைத்தான். வரவில்லை. அவன் பக்கத்தில் வந்து, அவன் முழங்காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"பன்னண்டு வருஷம் நீங்க மேல இருந்தீங்க. நான் கீழதான் இருந்தேன். வீட்டுல, அடுப்படில, தண்ணி பிடிக்கிற இடத்துல. உங்களுக்காவது ஒரு கோடு தெரியுது. எனக்கு என்ன தெரிஞ்சுது?"

வேலை முடிந்து போகும்போது ஒருநாளாவது அவளுக்குப் போன் செய்து இறங்கிவிட்டேன் என்று சொன்னதுண்டா என்று யோசித்தான். இல்லை. அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

எதிர்வீட்டு மோட்டார் நின்றது. அவள் டிஷ்ஷின் அடிச்சட்டத்தில் பாரத்துக்கு வைத்திருந்த கற்களை எடுக்கக் குனிந்தாள். அவனும் ஒன்றை எடுத்தான். இருவருமாகச் சட்டத்தை இரண்டடி நகர்த்தினார்கள்.

"கீழ போய் பாருங்க. நான் திருப்பறேன்" என்றாள்.

இறங்கினான். ஐம்பத்தைந்து, எழுபது, எழுபத்தொன்பது. ஒவ்வொன்றையும் கத்திச் சொன்னான். எண்பத்தாறு வந்ததும், "அங்கயே. டைட் பண்ணு" என்றான். நாலு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. சேனலைப் போட்டான். அக்கா தைப்பதை நிறுத்தி, காதால் கேட்பவர் இன்று கண்ணாலும் பார்த்துவிடுவது என்று நாற்காலியைத் திருப்பினார்.

சீரியலில் தங்கை கதவைத் திறந்தாள். அக்கா வாசலில் நின்றாள். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், படம் அப்படியே உறைந்தது. ஏணி வாசல் பக்கம் திரும்பினான். இரண்டு விநாடியில் படம் வந்தது. மறுபடி உறைந்தது. மறுபடி வந்தது. மூன்றாவது முறை உறைந்தபோது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் உள்ளங்கையை டிஷ்ஷின் மூக்குக்கு முன்னால் வைத்து வைத்து எடுக்கிறாள், நான் இங்கேதான் நிற்கிறேன் என்று.

"என்ன தம்பி, வந்து வந்து போகுது?"

"ஒண்ணுமில்லக்கா. மேலருந்து எனக்குச் சொல்றாங்க."

அவன் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, கம்பிக் காலை நீட்டிக்கொண்டான். டிவியில் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தையல்கார அக்காவும் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஏணி இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், படம் இன்னொரு தடவை நிற்காதா என்று.