முதலிடத்துக்கும் மேலே

பத்திரம் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரைப் பத்திரக்காரர் என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். நாற்பது வருடம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கை. அப்படிப்பட்டவருக்கு உள்ளூர் வானொலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிறு காலை நேரடி ஒலிபரப்பில், தமக்குப் பிடித்த பத்து இசைக்குழுக்களை அவர் வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும்.

அழைத்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. அந்த ஊரில் முதன்முதலாகக் கிட்டாருக்கு மின்சாரம் கொடுத்தது அப்பாவின் குழு. கொடுத்த அன்றைக்கு அணைந்த ஏழு தெரு விளக்குகளும் மூன்று நாள் எரியவில்லை. அவர்கள் வெளியிட்டது ஒரே இசைத்தட்டு. பின்னால் வந்த குழுக்களெல்லாம் அவர்கள் வெட்டிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர் என்று நூலகத்துப் புத்தகமே சொல்கிறது. சாதாரணக் குடும்பமா அது?

ஒரே சங்கடம், அந்த இசைத்தட்டை முழுதாகக் கேட்டவர் குடும்பத்தில் ஒருவருமில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் ஒருவருக்குத் தலைவலி வரும், இன்னொருவருக்கு அவசர வேலை வரும். பத்திரக்காரருக்கு உண்மையில் பிடித்தது மெத்தைக்கடைச் சகோதரிகள் என்ற மூன்று பெண்களின் குழு. மெத்தை விளம்பரத்துக்குப் பாடிப் பேர் வாங்கியவர்கள். குளியலறையில் அவர் முணுமுணுப்பது அவர்களுடைய பாட்டைத்தான். அது மனைவிக்கு மட்டும் தெரியும்.

மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி இரண்டு முறை வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு முதலிடம் தராவிட்டால் கடையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது என்றார். பத்திரக்காரரின் மனைவியோ அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: "பிடிச்சது எதுன்னுதானே கேட்டிருக்காங்க? பெரியவங்க யாருன்னு கேக்கலையே."

பத்திரக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னால் வாக்கு கெடும். மெய் சொன்னால் குலம் கெடும்.

ஞாயிறன்று துணிக்கடை மாடியிலிருந்த ஒலிபரப்பு அறையில், முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்து, கணீரென்று ஆரம்பித்தார். "எங்கப்பா குழு இந்த வரிசைக்குள்ள அடங்காது. முதலிடத்துக்கும் மேல. பூஜ்ஜியம்னு போட்டுக்குங்க."

அறிவிப்பாளர் பெண் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். பாம்பும் செத்தது, தடியும் முறியவில்லை என்று பத்திரக்காரர் மீசையைத் தடவினார்.

உடனே தொலைபேசி அடித்தது. பேசியவர் பள்ளித் தலைமையாசிரியர். பத்திரக்காரரின் அப்பா பிறப்பதற்கு முன்பே தம்முடைய தாத்தா குழு வைத்திருந்தாராம். மின்சாரம்தான் இல்லை, சத்தம் இருந்ததாம். ஆகவே தாத்தாவுக்கு மைனஸ் ஒன்று வேண்டும். அதை எழுதி முடிப்பதற்குள் தச்சர் ஒருவர் மைனஸ் இரண்டு கேட்டார். அந்தத் தாத்தாவுக்கு டிரம் செய்து கொடுத்ததே தச்சருடைய பாட்டனார்தான். அடுத்து, டிரம்முக்கு மரம் வெட்டியவர் வீட்டிலிருந்து. அடுத்து, மரம் நட்டவர் வீட்டிலிருந்து. அந்தச் சத்தம் பொறுக்காமல் முதல் புகார் கொடுத்தவரின் பேரனும் விடவில்லை. அரை மணி நேரத்தில் வரிசை மைனஸ் நாற்பத்தொன்றுக்குப் போய்விட்டது. யாரும் ஒரு பாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"உங்கப்பா இப்ப நாப்பத்திரண்டாவது, சார்," என்றாள் அறிவிப்பாளர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த அழைப்பு வரும்வரை சும்மா இருக்கக் கூடாதென்று ஒலிப்பதிவாளர் அப்பாவின் இசைத்தட்டைச் சுழலவிட்டார். அவசரத்தில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டார். தகரக் கூரையில் கல்மழை பொழிகிற மாதிரி ஓர் இரைச்சல். நடுவில் அப்பாவின் குரல்: "மெதுவா தட்டுப்பா. உள்ள பையன் தூங்குறான்." நான்கு விநாடி மெதுவாகத் தட்டினார்கள். மறுபடியும் கல்மழை.

தம்பி அப்போது பிறந்திருக்கவில்லை.

"அத இன்னொரு தடவ போடுங்க," என்றார் பத்திரக்காரர். போட்டார்கள். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து தம் பட்டியலை எடுத்தார். அவருக்குப் பிடித்தவை ஒன்பதுதான் தேறியிருந்தன. காலியாக இருந்த பத்தாவது வரியில் ஒரு பெயரை எழுதினார்.

"அந்தப் பூஜ்ஜியத்த ரத்து பண்ணிடுங்கம்மா. ஒண்ணாவது, மெத்தைக்கடைச் சகோதரிகள்," என்று தொடங்கி வரிசையாகப் படித்தார். "பத்தாவது, எங்கப்பா."

அடுத்த அழைப்பு தம்பியுடையது. ஒலிபரப்பிலேயே இணைத்துவிட்டார்கள். பத்தாவதா, குடும்ப மானம் என்ன ஆவது என்று அவர் குமுறினார்.

"மானம் நாப்பத்திரண்டுல கெடந்துச்சுடா. பத்துல கொண்டாந்து உக்கார வச்சிருக்கேன். இனி ஒருத்தனும் அசைக்க முடியாது."

தம்பி மூச்சு விடும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப பதினொண்ணாவது யாருண்ணா?"

காகிதத்தில் பத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பத்திரக்காரர் தயங்கவில்லை.

"தலைமையாசிரியரோட தாத்தா."

"அப்ப சரிண்ணா," என்று தம்பி போனை வைத்தார்.