சிவரூபி கொடுத்த வாக்கு

1.

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ் புளியங்குளத்தில் பழுதாகி நின்றது. நான் எழுதுகிற ஆள் என்று தெரிந்ததும், பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்: “அப்ப என்ர கதையை எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்காதேங்கோ.”

‘கொடிகள் காற்றில் படபடத்தன’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கொடி படபடக்காத தேர்தல் கதையை யார் கண்டது? அடுத்து, ‘கிணறுகள் வற்றிய அந்தப் புரட்டாதியில் ஜனநாயகமும்...’ இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2.

அவள் பெயர் சிவரூபி. விசுவமடுவுக்கு உள்ளே கச்சான் கடலை பயிர்செய்கிறவள். அந்தக் குடியிருப்பில் எல்லோருமே இனக்கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். சிவரூபி வன்னியிலேயே பிறந்தவள். பக்கத்து வளவுத் தங்கம்மாவுக்கோ இத்தனை காலம் கழித்தும் மலைநாட்டுப் பேச்சு மாறவில்லை. அவருக்குச் சிறுநீரக வருத்தம். கிணற்றில் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். அதைக் குடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வேறெதைக் குடிப்பது என்று சொல்லவில்லை.

ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு கட்சியின் அமைப்பாளர் செல்வராசா வந்தார்.

“தங்கச்சி, உங்கட சொல்லை இஞ்ச சனம் கேக்கும். எங்கட ஆளுக்குப் போடச் சொல்லுங்கோ. தண்ணி எங்கட பொறுப்பு.”

மறுநாளிலிருந்து தண்ணீர் பவுசர் லொறி தினமும் வந்தது. நல்ல தண்ணீர். வீடுவீடாகக் கான்கள் நிறைந்தன. சிவரூபியும் வீடுவீடாகப் போனாள். “நான் சொல்லுறன், நம்புங்கோ,” என்றாள். கட்சியின் பெயரை அவள் அதிகம் சொல்லவில்லை. தன்னையே பிணை வைத்தாள்.

தங்கம்மா மட்டும் மசியவில்லை.

“வோட்டு கெடச்ச நாள்லேருந்து போடுறேன் புள்ள. எல்லாப் பயலும் ஒண்ணுதான். நான் வரல.”

தேர்தலன்று சிவரூபி ஓட்டோ பிடித்துவந்து, அவரைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள். தங்கம்மா புள்ளடி போட்டார்.

3.

அடுத்த நாள் பவுசர் வரவில்லை.

பெண்கள் கான்களோடு வெயில் ஏறும்வரை வீதியோரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார்கள். அதற்கடுத்த நாளும் வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை. சிவரூபியோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

(முதல் வரைவில் தங்கம்மா இந்த இடத்தில் இறந்துபோனார். எனக்கு வசதியான மரணம். வாசிப்பவரும் ஒரு பெருமூச்சோடு போய்விடலாம். உண்மையில் அவர் சாகவில்லை. சவர்த் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்தார்.)

சிவரூபி எங்கேயோ இரந்து எடுத்த ஒரு குடம் நல்ல தண்ணீரோடு தங்கம்மாவின் வேலிப் படலைக்குப் போனாள்.

“ஒன் வாக்க நம்பித்தான் புள்ள போட்டேன். அவன் மொகத்தக்கூட நான் பாத்ததில்ல,” என்றார் தங்கம்மா. குடத்தை வாங்கவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

[வேட்பாளர் வென்றாரா, தோற்றாரா என்று கேட்பீர்கள். கிணற்றுக்கு அது தெரியாது.]

4.

சிவரூபி கிளிநொச்சிக்குப் போனாள். கட்சி அலுவலகத்தில் செல்வராசா கதிரை காட்டி இருத்தினார்.

“அது எலெக்சனுக்கு வாடகைக்கு எடுத்த பவுசர், தங்கச்சி. வாடகை முடிஞ்சுது.”

அவள் ‘எங்கட தாகத்துக்கும் வாடகை முடிஞ்சுதோ?’ என்று கேட்டதாக எழுதிவைத்திருந்தேன். அழகான வசனம். அவள் கேட்கவில்லை.

செல்வராசா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். கதையின் நாயகி அதைத் தட்டிவிட வேண்டும். காலையில் வெளிக்கிட்டவள், கொதிக்கிற வெயிலில் பஸ் மாறி வந்தவள், வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“நல்ல குளிர்,” என்றாள் என்னிடம். “முழுக்கக் குடிச்சு முடிச்சாப் பிறகுதான் தங்கம்மா மாமியின்ர ஞாபகம் வந்தது.”

இதைச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5.

மழை வந்தது. பாராளுமன்றத் தேர்தலும் வந்தது. செல்வராசாவும் வந்தார்.

“இப்ப கிணறெல்லாம் நிறைஞ்சிட்டுது என்ன? தண்ணிப் பிரச்சினை முடிஞ்சுது. இந்தமுறை றோட்டைப் பற்றிக் கதைப்பம்.”

இந்த இடத்தில் அவள் அவர் தலையில் சேற்றை அள்ளி ஊற்றியதாக ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

“நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன், அண்ணை,” என்றாள் சிவரூபி.

தன் வாய்க்கு இவ்வளவு விலை இருந்ததே, அதை மூடினால் அவருக்கு நட்டம் என்று நினைத்திருந்தாள். செல்வராசா கோபிக்கவில்லை. “பரவாயில்லை,” என்றுவிட்டு அடுத்த வளவுக்குப் போய்ச் சுமித்திராவைக் கூப்பிட்டார். “தங்கச்சி, உங்கட சொல்லை இஞ்ச சனம் கேக்கும்,” என்று அவர் சொன்னது வேலிக்கு இங்கால் கேட்டது.

6.

தேர்தல் நாள் காலை. வாக்களிக்கப் போவதில்லை என்ற முடிவோடு சிவரூபி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது படலையில் தங்கம்மா. முகம் வீங்கியிருந்தது. வெளுத்த சேலை உடுத்தி, அடையாள அட்டையைக் கையில் பிடித்திருந்தார். புரட்டாதிக்குப் பிறகு அன்றுதான் அவளோடு வாய் திறந்தார்.

“யாருக்குப் போடுறது? நீயே சொல்லு.”

குத்தலா, மன்னிப்பா, இல்லை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாத களைப்பா? சிவரூபிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அவளுக்காக மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் அழுதாள். ஒன்றில் ஒரு சின்னத்தின் பெயரைச் சொன்னாள். மற்றதில் ‘ஒருத்தருக்கும் போடாதேங்கோ மாமி, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்’ என்றாள். மூன்றிலும் கேட்டது என் குரல்.

அன்று புளியங்குளத்தில் அவள் இந்த இடத்தில் கதையை நிறுத்தியபோது பஸ் திருத்தியாகிவிட்டது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“அதைச் சொல்லமாட்டன்,” என்றாள் சிவரூபி. “ஏற்கெனவே ஒருத்தன் என்ர வாயால கதைச்சுப்போட்டுப் போயிட்டான். நீங்களும் கதைக்கப் போறியளோ?”

தங்கம்மா படலையில் நிற்கிறார். பதிலை நீங்கள் சொல்லலாம், உங்கள் வாக்கைப் பிணை வைக்கத் துணிவிருந்தால்.